பார்த்துக்கொண்டிருந்த பிள்ளை

வீட்டில் அடிபட்ட தாய் மருத்துவமனைக்கு வந்தால் அவள் காயத்துக்குக் கட்டுப்போடுகிறோம். அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு நிற்கும் மூன்று வயதுப் பிள்ளையை யாரும் நோயாளியாக எண்ணுவதில்லை. "அதற்கு என்ன தெரியும்?" என்று நானும் பல வருடம் சொல்லியிருக்கிறேன். தெரியும், சொல்லத்தான் தெரியாது. கண்டது தூக்கத்தில் அலறலாக வரும், படுக்கையை நனைப்பதாக வரும், மற்றப் பிள்ளைகளை அடிப்பதாகவும் வரும்.

அமெரிக்காவில் நியூ ஹேவன் நகரக் காவல்துறையும் யேல் பல்கலைக்கழகத்தின் குழந்தைகள் ஆய்வு மையமும் 1991-ல் ஓர் ஏற்பாடு செய்தன. வன்முறை நடந்த இடத்தில் பிள்ளை இருந்தால், நள்ளிரவானாலும் காவலர் மனநல ஊழியரை அழைக்கலாம். மறுவருடம், அப்போதைய பாஸ்டன் நகர மருத்துவமனையில், இப்படிக் கண்ணால் கண்ட சிறு பிள்ளைகளுக்கென்றே ஒரு பணி தொடங்கியது.

என்னை அதிகம் தொட்டது வேறொன்று. மேற்கு வர்ஜீனியாவின் சார்ல்ஸ்டன் நகரில் 2013-ல் ஆரம்பப் பள்ளி ஒன்றில் தொடங்கியது. முந்தின இரவு சண்டை நடந்த வீட்டில் பிள்ளை இருந்தால், பள்ளி தொடங்குமுன் காவலர் அதன் பெயரைத் தெரிவிப்பார். 'கவனமாக நடத்துங்கள்' என்பதே செய்தி. என்ன நடந்தது என்று அவர் சொல்வதில்லை. ஆசிரியை பிள்ளையிடம் துருவிக் கேட்பதுமில்லை. அன்றைய பரீட்சையைத் தள்ளிவைக்கலாம். தூங்கி விழுந்தால் செவிலியர் அறையில் படுக்க விடலாம். இதற்குக் கட்டடம் வேண்டியதில்லை, பெரிய நிதியும் வேண்டியதில்லை (நன்கொடை கேட்கும் பத்திரிகையில் இதைச் சொல்கிறேனே!).

உங்கள் தெரு அங்கன்வாடி ஆசிரியைக்கு அப்படியொரு காலையில் யார் போய்ச் சொல்வார்கள்?