புகையா, ஆவியா?

அன்பு மகளுக்கு,

சித்தப்பா எழுதுவது. புதுவாயல் வீடும் கும்மிடிப்பூண்டி வேலையும் பழகிவிட்டதாக எழுதியிருந்தாய். தரச் சோதனைப் பிரிவில் நாளெல்லாம் 'ஓகே', 'ரிஜெக்ட்' என்று தீர்ப்புச் சொல்கிற உனக்கு, "ஒன்றைத் தெரியும் என்று எப்போது சொல்லலாம்?" என்ற கேள்வி எழுந்ததில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. இந்தக் கேள்விக்கென்றே தத்துவத்தில் ஒரு துறை இருக்கிறது. தமிழ் நூல்கள் அதை அளவை என்ற பெயரில் பேசின. அதைப் படிக்க கிரேக்கத்திலிருந்து தொடங்க வேண்டியதில்லை, உன் ஊர்ச் சாலையே போதும்.

மார்கழிக் காலையில் கம்பெனி பஸ்ஸில் போகும்போது தொழிற்பேட்டைப் பக்கம் வெள்ளையாக ஏதோ எழுவதைப் பார்க்கிறாய். புகை என்று எடுத்துக்கொண்டு, அங்கே நெருப்பு இருக்கிறது என்கிறாய். அது கூலிங் டவரிலிருந்து வரும் நீராவியாக இருக்கலாம். வெறும் பனியாகவும் இருக்கலாம். மணிமேகலைக் காப்பியத்தின் 29ஆம் காதையில், காஞ்சியில் அறவண அடிகள் மணிமேகலைக்குத் தருக்கம் கற்பிக்கும்போது இதையே பிழையான காரணங்களில் ஒன்றாகக் காட்டுகிறார்: ஆவியோ பனியோ என்ற ஐயம் தீராமலே, புகை கண்டதாகக் கொண்டு நெருப்பு உண்டென்று துணிவது.

புகை உறுதியானால் நெருப்பும் உறுதி. ஆனால் நெருப்பு இருந்தால் புகை இருந்தே தீருமா? ரோலிங் மில்லில் செக்கச்செவேலென்று வரும் இரும்பை நினைத்துப் பார். நியாய மரபினர் இதற்குச் சொன்ன உதாரணமே பழுக்கக் காய்ச்சிய இரும்புக் குண்டுதான். அனல் உண்டு, புகை இல்லை. ஒரு திசையில் செல்லும் காரணத்தைத் திருப்பிப் போட்டால் செல்லாது.

அறிவு வரும் வழிகள் எத்தனை என்பதிலேயே பெரிய வழக்கு இருந்தது. 27ஆம் காதையில் வஞ்சி நகரத்து அளவைவாதி, வியாசர் பத்து, கிருதகோடி எட்டு, சைமினி ஆறு என்று ஆசிரியர்களின் கணக்கை ஒப்பிக்கிறான். அறவண அடிகள் காட்சி, கருதல் (அனுமானம்) என்ற இரண்டோடு நிறுத்துகிறார். 27ஆம் காதையில் வரும் பூதவாதியோ கண்ணால் காண்பதையே பெரிதும் நம்புகிறவன். மணிமேகலை அவனைப் பார்த்துச் சிரித்தபடி கேட்கிறாள்: உன் தாய் தந்தையரை அனுமானத்தால் அன்றி வேறு எப்படி அறிந்தாய்? ஓர் இளம்பெண் கேட்ட அந்தக் கேள்வியை எத்தனை முறை படித்தாலும் எனக்குச் சலிப்பதில்லை. தன் பிறப்பைத் தானே கண்டவர் யார்?

இப்போது கொஞ்சம் கடினமான இடம். 8ஆம் நூற்றாண்டில் தர்மோத்தரர் என்ற பௌத்த அறிஞர் ஒரு நிலைமையைக் கற்பித்தார். இறைச்சி சுட அப்போதுதான் தீ மூட்டியிருக்கிறார்கள், புகை இன்னும் எழவில்லை. இறைச்சியை மொய்த்த பூச்சிக் கூட்டத்தைத் தொலைவிலிருந்து பார்த்தவன் புகை என்று எண்ணி, 'அங்கே நெருப்பு இருக்கிறது' என்கிறான். அவன் நம்பியது உண்மை. காரணமும் வைத்திருந்தான். அவனுக்குத் தெரியும் என்று சொல்வாயா? 1963இல் அமெரிக்கரான எட்மண்ட் கெட்டியர் மூன்றே பக்கக் கட்டுரையில் இதே வகைச் சிக்கலை எழுப்பி மேற்குலகத் தத்துவத்தை உலுக்கினார். உன் மேசைக்கு வருவோம். கேலிப்ரேஷன் தேதி முடிந்த வெர்னியரால் அளந்து ஒரு பாகத்தை 'ஓகே' என்கிறாய். வெர்னியரில் பிழை இருந்தது, உன் கண்ணும் ஒரு கோடு தவறியது. இரண்டு பிழையும் ஒன்றையொன்று ஈடுகட்ட, பாகம் சரியான அளவிலேயே இருந்தது. அது சரியென்று உனக்குத் தெரிந்திருந்ததா?

கருதல் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு உன் மாவட்டத்திலேயே ஒரு சான்று உண்டு: கொசஸ்தலை ஆற்றுப் படுகையில் உள்ள அத்திரம்பாக்கம். 1863இல் இராபர்ட் புரூஸ் ஃபூட்டும் வில்லியம் கிங்கும் அங்கே கற்கருவிகளைக் கண்டார்கள். சாந்தி பப்பு குழுவினர் 1999 முதல் அங்கே அகழாய்வு செய்து, 2011இல் அந்தக் கருவிகளின் வயதை வெளியிட்டார்கள்: சராசரியாக 15 லட்சம், குறைந்தது 10.7 லட்சம் ஆண்டுகள். அவற்றைச் செய்த கையை எவரும் கண்டதில்லை. எல்லாம் கருதல்தான். விண்கதிர் பட்ட கல்லில் அலுமினியம்-26, பெரிலியம்-10 என்ற அணுக்கள் மிகச் சிறிதளவு உண்டாகும். கல் ஆழத்தில் புதைந்தபின் புதிதாக உண்டாவது ஏறக்குறைய நின்றுவிட, இருப்பவை வெவ்வேறு வேகத்தில் சிதையும். மீதியின் விகிதம் புதைந்த காலத்தைச் சொல்லும். மண்ணடுக்கில் பதிந்த காந்தத் திசையையும் சோதித்தார்கள். அது இன்றைய திசைக்கு எதிராக இருந்தது. பூமியின் காந்தத் திசை கடைசியாகப் புரண்டது சுமார் 7.8 லட்சம் ஆண்டுகளுக்கு முன், ஆகவே அந்த மண் அதற்கும் மூத்தது. ஒன்றையொன்று சாராத இரண்டு வழிகள் முரண்படாமல் நின்றன. 'குறைந்தது' என்று எல்லையையும் சேர்த்துச் சொன்ன நேர்மை எனக்கு அந்த வயதைவிடப் பெரிதாகத் தெரிகிறது.

உனக்கும் எனக்கும் இது மூன்றாவது வழியில், உரையாக வந்தது. சைவ சித்தாந்திகள் காட்சி, கருதலோடு உரையையும் அளவையாக ஏற்றார்கள். நான் அவர்கள் பக்கம். பிறர் சொல்லை விலக்கினால் நமக்கு வரலாறும் இல்லை, மருத்துவமும் இல்லை. ஆனால் மழைக்காலத்தில் 'பூண்டி ஏரி உடைந்துவிட்டது' என்று வாட்ஸ்அப்பில் வரும் குரலும் உரைதான். அத்திரம்பாக்கம் குழு தன் முடிவுக்கு வந்த வழியை எவரும் சோதிக்கும்படி திறந்து வைத்தது. அந்தக் குரல் யாருடையது என்பதுகூடத் தெரியாது.

மணிமேகலையின் 27ஆம் காதையை விளக்கவுரையோடு முதலில் படி. 29 கொஞ்சம் கரடுமுரடு, பொறுமையாகப் போ. விடுமுறையில் பூண்டி அருங்காட்சியகத்துக்கு உன்னை அழைத்துப் போகிறேன், கற்கருவிகளை நேரில் பார்க்கலாம். அதற்குள் வெர்னியர் கேள்விக்கு உன் பதிலைக் காரணத்தோடு எழுது.

அன்புடன்,
சித்தப்பா