கலரை எடுத்துவிட்டுப் பாருங்கள்! மினியேச்சர் பெயிண்டிங்கிற்கு உதவும் கிம்ப்

கம்ப்யூட்டர் வாங்கிய புதிதில் லெட்டர் டைப் செய்வது, பாட்டுக் கேட்பது, பிள்ளைகளுக்கு கேம்ஸ் என்று சில வாரங்கள் ஓடிவிடும். அதன் பிறகு, "நமக்கு இருக்கும் பொழுதுபோக்கிற்கு இதை எப்படிப் பயன்படுத்தலாம்?" என்ற கேள்வி வரும். இந்த மாதம் அப்படி ஒரு பொழுதுபோக்கை எடுத்துக் கொள்வோம். சின்னஞ்சிறு உருவங்களுக்கும் மார்பளவு பொம்மைகளுக்கும் பெயிண்ட் அடிக்கும் மினியேச்சர் பெயிண்டிங்தான் அது. பெயிண்ட் அடிப்பது நம் கைதான். ஆனால் அடித்தது சரியாக வந்திருக்கிறதா என்று சொல்ல கம்ப்யூட்டரால் முடியும். நவராத்திரிக் கொலுவிற்காகப் பழைய மண் பொம்மைகளுக்கு வீட்டிலேயே வர்ணம் பூசுபவர்களுக்கும் இந்தப் பாடம் அப்படியே பொருந்தும்.

மினியேச்சர் என்றால் என்ன?

இங்கிலாந்தில் வில்லியம் பிரிட்டன் நிறுவனம் 1893ல் உள்ளே கூடாக இருக்கும் ஈய பொம்மை வீரர்களை விற்கத் தொடங்கியது. இவற்றின் உயரம் 54 மி.மீ. இன்றும் காட்சிக்கு வைக்கும் உருவங்களில் இந்த அளவு பிரபலம். மேஜை மீது ஆடும் போர் விளையாட்டுகளுக்கான உருவங்கள் பெரும்பாலும் 28 மி.மீ. அளவை ஒட்டி இருக்கும். 1987 முதல் கேம்ஸ் ஒர்க்ஷாப் நிறுவனம் ‘கோல்டன் டெமன்’ என்ற பெயிண்டிங் போட்டியையும் நடத்தி வந்திருக்கிறது.

பஸ்ட் என்பது தலை, தோள், மார்பு வரை மட்டும் உள்ள உருவம். பத்தில் ஒரு பங்கு அளவில் செய்த பஸ்ட்டில் தலை மட்டும் சுமார் இரண்டேகால் சென்டிமீட்டர் இருக்கும். முகத்தில் வேலை செய்ய இடம் இருப்பதால் பலரும் இதை விரும்புகிறார்கள்.

சிக்கல் எங்கே வருகிறது?

ஒரு ரெசின் பஸ்ட் மலிவான பொருள் அல்ல. அதற்குப் பெயிண்ட் அடிக்கப் பல மாலைப் பொழுதுகள் ஆகும். கையில் பிடித்துப் பார்க்கும்போது எல்லாம் அழகாக இருக்கும். முடித்து அலமாரியில் வைத்து நான்கு அடி தள்ளி நின்று பார்த்தால், முகம் எது, சட்டை எது என்று தெரியாமல் ஒரே கலங்கலாகத் தெரியும். புதியவர்கள் உடனே "கலர் சரியில்லை" என்று வேறு பெயிண்ட் பாட்டில்கள் வாங்கக் கிளம்புவார்கள். பெரும்பாலும் குறை கலரில் இருப்பதில்லை. வெளிச்சத்திற்கும் இருட்டிற்கும் உள்ள வித்தியாசம் போதாததுதான் குறை.

உண்மையான மனிதர் போட்டிருக்கும் கோட்டில் மடிப்புகள் ஆழமாக இருக்கும். அதனால் நல்ல நிழல் விழும். பொம்மையில் அதே மடிப்பின் ஆழம் ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. அறை வெளிச்சம் அதற்குள் எளிதாக நுழைந்துவிடும். ஆகவே நிழலையும் வெளிச்சத்தையும் பெயிண்டர்தான் வரைய வேண்டும். ஆனால் ஒரே பொம்மையை நாள் கணக்காகப் பார்க்கும் கண் அதற்குப் பழகிவிடுகிறது. கலர்கள் வேறு வேறாக இருப்பதால், வெளிச்ச அளவும் வேறாக இருப்பதாக நம்பிவிடுகிறது. இங்குதான் கம்ப்யூட்டர் உதவிக்கு வருகிறது.

தேவையானவை

போட்டோ எடுக்க மொபைல் போன், அதைக் கம்ப்யூட்டருடன் இணைக்கும் யுஎஸ்பி கேபிள், கிம்ப் என்னும் இலவச சாப்ட்வேர். இவை போதும். கிம்ப் புரோகிராமை கிம்ப் டாட் ஆர்க் என்ற அதன் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் டவுன்லோட் செய்திடுங்கள். இதற்குக் காசு கேட்கும் தளம் எதுவும் உங்களுக்கு வேண்டியதில்லை.

முதல் பயிற்சி: மறையும் கோடு

பொம்மையைத் தொடுவதற்கு முன் இந்தச் சிறிய சோதனையைச் செய்து பாருங்கள்.

1. கிம்ப்பைத் திறந்து, ‘பைல்’ மெனுவில் ‘நியூ’ கிளிக் செய்து, கிடைக்கும் டயலாக் பாக்ஸில் ஓகே கொடுங்கள். வெள்ளைப் பக்கம் ஒன்று கிடைக்கும்.

2. டூல் பாக்ஸில் உள்ள கலர் கட்டத்தில் கிளிக் செய்திடுங்கள். கலர் தேர்ந்தெடுக்கும் விண்டோ வரும். அதில் 0 முதல் 255 வரை என்ற அளவைத் தேர்ந்தெடுத்து, சிவப்பு 190, பச்சை 40, நீலம் 40 என்று கொடுங்கள். நல்ல சிவப்பு கிடைக்கும். பெயிண்ட் பிரஷ் டூலைப் பெரிதாக்கிப் பக்கத்தின் இடது பாதியில் பூசுங்கள்.

3. அடுத்து சிவப்பு 40, பச்சை 85, நீலம் 50 என்று கொடுங்கள். கரும்பச்சை கிடைக்கும். இதை வலது பாதியில், சிவப்பை ஒட்டிப் பூசுங்கள். இரண்டும் பளிச்சென்று வேறு வேறாகத் தெரிகின்றன அல்லவா?

4. இப்போது ‘கலர்ஸ்’ மெனுவில் ‘டீசாச்சுரேட்’ சென்று, அதனுள்ளும் ‘டீசாச்சுரேட்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். வரும் விண்டோவில் ‘மோட்’ என்ற இடத்தில் ‘லூமா’ என்று வைத்து ஓகே கொடுங்கள்.

இரண்டுக்கும் நடுவில் இருந்த கோடு ஏறக்குறைய மறைந்துவிடும்! கணக்கு எளிமையானது. நம் கண்ணுக்குப் பச்சை ஒளிதான் அதிக வெளிச்சமாகத் தெரியும். நீலம் மிகக் குறைவு. ஆகவே கிம்ப் சிவப்பு எண்ணில் சுமார் 22 சதவீதம், பச்சையில் 72, நீலத்தில் 6 என்று எடுத்துக் கூட்டுகிறது. மேலே உள்ள இரண்டு கலருக்கும் விடை சுமார் 73. அதாவது கலர் வேறு, வெளிச்ச அளவு ஒன்று.

நிஜ உதாரணம்: நெப்போலியனின் குதிரைப்படை வீரர்

மினியேச்சர் பெயிண்டர்களுக்குப் பிடித்த உருவங்களில் ஒன்று, நெப்போலியனின் காவற்படையைச் சேர்ந்த ‘ஷாசர்’ குதிரை வீரர். நெப்போலியன் வழக்கமாக அணிந்த பச்சைக் கோட்டும் இதே படையின் கர்னல் உடைதான். இந்த வீரரின் உள்சட்டை கரும்பச்சை. அதன் மீது ஆரஞ்சு நிறப் பின்னல்கள். தோளில் தொங்கும் மேற்சட்டை சிவப்பு. அதன் ஓரத்தில் மென்மயிர். தலையில் மயிர்த்தொப்பி.

சிவப்பும் பச்சையும் பக்கத்தில் பக்கத்தில்! நாம் இப்போது பார்த்த அதே சிக்கல். பாட்டிலில் இருந்தபடியே இரண்டையும் பூசினால், தள்ளி நின்று பார்ப்பவருக்குத் தோள் எங்கே முடிகிறது, மார்பு எங்கே தொடங்குகிறது என்பது தெரியாது. இந்த பஸ்ட்டை வைத்தே மீதிப் பாடத்தைப் பார்ப்போம்.

பிரைமரும் முதல் போட்டோவும்

பஸ்ட்டைக் கழுவிக் காயவைத்து முழுவதும் கறுப்பு பிரைமர் அடியுங்கள். காய்ந்த பிறகு, தலைக்கு மேலிருந்து கீழ்நோக்கி மட்டும் வெள்ளை பிரைமரை லேசாக ஸ்பிரே செய்திடுங்கள். உச்சி வெயில் எங்கெல்லாம் படுமோ அங்கெல்லாம் வெள்ளையும், முகவாய்க்குக் கீழும் மடிப்புகளிலும் கறுப்பும் நிற்கும். இதுதான் உங்கள் வெளிச்ச வரைபடம். பெயிண்ட் ஏறியதும் மறைந்துவிடும் என்பதால் இப்போதே போட்டோ எடுத்துவிடுங்கள்.

ஜன்னல் அருகே, நேர் வெயில் படாத இடத்தில், சாம்பல் நிறத் தாள் முன்பு பஸ்ட்டை வையுங்கள். பிளாஷ் வேண்டாம். மிக நெருங்கினால் மூக்கு பெரிதாகத் தெரியும். சற்றுத் தள்ளி நின்று இரண்டு மடங்கு ஜூம் செய்து எடுங்கள். கம்ப்யூட்டரில் ‘ஷாசர்’ என்று ஒரு போல்டர் உருவாக்கி, போட்டோக்களை 01, 02 என்று எண் கொடுத்து காப்பி செய்திடுங்கள். ஒவ்வொரு முறையும் அதே இடம், அதே நேரம் என்று எடுத்தால்தான் பின்னர் ஒப்பிட முடியும்.

திரையில் ஒத்திகை

பிரைமர் அடித்த போட்டோவை கிம்ப்பில் திறந்து கொள்ளுங்கள். ‘லேயர்’ மெனுவில் ‘நியூ லேயர்’ கொடுங்கள். லேயர் என்பது படத்தின் மீது வைக்கும் கண்ணாடித் தாள் போன்றது. அதில் எழுதியதை அழித்தாலும் கீழே உள்ள போட்டோ கெடாது. புதிய லேயர் ‘டிரான்ஸ்பரன்சி’ என்று இருக்க வேண்டும். லேயர் பட்டியலின் மேலே உள்ள ‘மோட்’ பெட்டியில் ‘மல்டிப்ளை’ என்று மாற்றுங்கள். இப்போது இந்த லேயரில் சிவப்பைப் பூசினால், வெள்ளை பிரைமர் உள்ள இடத்தில் பளிச்சென்றும், கறுப்பு உள்ள இடத்தில் இருண்டும் தெரியும். எல்லை தாண்டிவிட்டால் இரேசர் டூல் இருக்கிறது. தவறினால் கண்ட்ரோல் + இசட்.

பச்சைக்கு ஒன்று, முகத்திற்கு ஒன்று, பின்னலுக்கு ஒன்று எனத் தனித்தனி லேயர் வைத்துக் கொள்ளுங்கள். லேயர் பெயருக்குப் பக்கத்தில் உள்ள கண் படத்தைக் கிளிக் செய்தால் அது மறையும், மீண்டும் கிளிக் செய்தால் தெரியும். இப்படி இரண்டு மூன்று பச்சைகளை மாற்றி மாற்றிப் பார்க்கலாம். ஒரு சொட்டு பெயிண்ட்கூடச் செலவில்லை.

இனி சோதனை. கண்ட்ரோல் + டி அழுத்தினால் படத்தின் நகல் தனியாகத் திறக்கும். அதில் ‘இமேஜ்’ மெனுவில் ‘பிளாட்டன் இமேஜ்’ கொடுங்கள். இதைச் செய்யாவிட்டால் அடுத்த கட்டளை ஒரு லேயரை மட்டுமே மாற்றும். பிறகு முன்பு செய்தது போல டீசாச்சுரேட் செய்திடுங்கள். அதன் பின் ‘கலர்ஸ்’ மெனுவில் ‘போஸ்டரைஸ்’ தேர்ந்தெடுத்து 4 என்று கொடுத்தால், படம் நான்கே சாயல்களாகப் பிரியும். முகம், பச்சைச் சட்டை, சிவப்பு மேற்சட்டை மூன்றும் தனித்தனித் திட்டுகளாகத் தெரிகின்றனவா என்று பாருங்கள். படத்தை ஜூம் குறைத்துத் தபால் தலை அளவிற்குக் கொண்டு வந்து பாருங்கள். அந்த அளவில் புரிந்தால் அலமாரியிலும் புரியும்.

கலந்துவிட்டால் என்ன செய்வது?

மூன்று வழிகள் உள்ளன.

முதலாவது, ஒன்றை இருட்டாக்குவது. சிவப்பை ஒட்டி வரும் இடங்களில் பச்சையைக் கறுப்பு கலந்து நன்றாக இறக்குங்கள்.

இரண்டாவது, மற்றதை ஏற்றுவது. சிவப்புச் சட்டையின் தோள் மேற்புறத்தில் ஹைலைட் கொடுங்கள். இதற்கு வெள்ளையைக் கலக்காதீர்கள். சிவப்பு ரோஸ் ஆகிவிடும். ஆரஞ்சு அல்லது தோல் நிறம் கலந்தால் சூடு குறையாமல் வெளிச்சம் கூடும்.

மூன்றாவது, இடையில் பிரிப்பது. மேற்சட்டையின் மயிர் ஓரமும் ஆரஞ்சுப் பின்னலும் இதற்காகவே அமைந்தவை போல இருக்கின்றன. அவற்றை நன்றாக ஏற்றி, அடியில் மெல்லிய கருங்கோடு இழுத்தால் இரண்டு துணிகளும் பிரிந்துவிடும்.

மாற்றங்களை முதலில் லேயரில் செய்து பார்த்து, பிறகு பிரஷ்ஷை எடுங்கள். ஒவ்வொரு நாள் வேலை முடிந்ததும் ஒரு போட்டோ, ஒரு டீசாச்சுரேட். இரண்டு நிமிடம்தான் ஆகும்.

சில டிப்ஸ்

* திரையில் தெரியும் சிவப்பும் பாட்டிலில் உள்ள சிவப்பும் ஒன்றல்ல. திரை ஒளியைக் கலக்கிறது. பெயிண்ட் ஒளியை விழுங்குகிறது. கலரின் சாயலுக்குத் திரையை நம்பாதீர்கள். வெளிச்ச அளவிற்கு மட்டும் நம்புங்கள்.

* விண்டோஸில் ‘நைட் லைட்’ ஆன் ஆகி இருந்தால் திரை மஞ்சளாகத் தெரியும். வேலைக்கு முன் ஆப் செய்துவிடுங்கள்.

* போட்டோவே மஞ்சளாகவோ நீலமாகவோ வந்திருந்தால், ‘கலர்ஸ்’ மெனுவில் ‘லெவல்ஸ்’ சென்று, சாம்பல் புள்ளி எடுக்கும் சொட்டுக்குழாயால் பின்னால் உள்ள சாம்பல் தாளைக் கிளிக் செய்திடுங்கள்.

* அக்ரிலிக் பெயிண்ட் காய்ந்ததும் பெரும்பாலும் சற்று இருண்டுவிடும். ஈரத்தில் போட்டோ எடுக்காதீர்கள்.

* திரையில் பெரிதாக்கிப் பார்த்தால் சிறு பிசிறுகளும் மலை போல் தெரியும். அவற்றைக் கண்டு மனம் தளர வேண்டாம். கையில் உள்ள பொம்மையில் அவை தெரிகின்றனவா என்று பார்த்து, தெரிந்தால் மட்டும் திருத்துங்கள்.

* ஸ்பிரே பிரைமரைத் திறந்த வெளியில் அடியுங்கள். ரெசினைத் தேய்க்கும்போது தண்ணீரில் நனைத்து, மாஸ்க் அணிந்து தேயுங்கள். பழைய உலோக பொம்மைகளில் ஈயம் இருக்கலாம். தொட்ட பின் கை கழுவுங்கள். பிரஷ் நுனியை வாயில் வைக்கும் பழக்கம் வேண்டவே வேண்டாம்.

* லேயர்கள் உள்ள படத்தைக் கண்ட்ரோல் + எஸ் கொடுத்து கிம்ப்பின் சொந்த வடிவிலேயே சேவ் செய்திடுங்கள். ஜேபெக் பைலாக மாற்றினால் லேயர்கள் போய்விடும். நண்பர்களுக்கு அனுப்ப மட்டும் ‘எக்ஸ்போர்ட்’ செய்து கொள்ளலாம்.

முதல் போட்டோவிலேயே எல்லாம் சரியாக வந்துவிடாது. நான்கைந்து நாள் போட்டோக்களை வரிசையாக வைத்துக் கறுப்பு வெள்ளையில் பாருங்கள். முகம் மெல்ல மெல்ல முன்னே வருவது தெரியும். சில பொம்மைகளுக்குப் பிறகு, கலர் இருக்கும்போதே வெளிச்ச அளவைப் பிரித்துப் பார்க்க உங்கள் கண் பழகிவிடும். அப்போது சந்தேகம் வரும் இடத்திற்கு மட்டும் கிம்ப்பைத் திறந்தால் போதும்.