டிகாக்சின் மாத்திரை: அளவறிந்து உண்க

தராசு முள் இம்மியளவு சாய்ந்தாலும் கண்டுகொள்ளும் நம் வர்த்தகச் சகோதரர்களிற் பலர், தாம் உண்ணும் மருந்தின் அளவில் அத்தனை கவனம் செலுத்துவதில்லை. இருதயத் துடிப்பு ஒழுங்கு தவறியவர்களில் சிலருக்கு டாக்டர்கள் கொடுக்கும் டிகாக்சின் மாத்திரையைப் பற்றி இங்கு சில விஷயங்களைக் கூற விரும்புகிறோம்.

இருதயத்தில் மேலறை இரண்டு, கீழறை இரண்டு. மேலறைகள் ஒழுங்காகச் சுருங்காமல் நடுங்கத் தொடங்கினால், கீழறைகளும் தாறுமாறாக, வேகமாகத் துடிக்கின்றன. டிகாக்சின் அந்த வேகத்தைத் தணிக்கிறது. நடுக்கத்தை அடியோடு நீக்குவதில்லை. ஆகவே, படபடப்பு அடங்கியதும் நோய் தீர்ந்ததென்று எண்ணி மாத்திரையை நிறுத்துவது தவறு. இரத்தம் உறையாதிருக்க வேறு மாத்திரை கொடுத்திருந்தால் அதையும் விடலாகாது. அந்த வேலையை டிகாக்சின் செய்யாது.

இது டிகிடாலிஸ் என்னும் செடியினத்திலிருந்து கிடைத்த மருந்து. அச்செடியைப் பற்றி 1785-ல் நூல் வெளியிட்ட ஆங்கில வைத்தியர் வில்லியம் விதரிங், அளவு மிஞ்சினால் வாந்தி வரும், பொருள்கள் மஞ்சளாகவும் பச்சையாகவும் தோன்றும் என்று அப்போதே எச்சரித்தார். குணம் தரும் அளவுக்கும் கேடு செய்யும் அளவுக்கும் இடைவெளி மிகச் சிறிது.

இம்மாத்திரை 62.5, 125, 250 மைக்ரோகிராம் என்ற அளவுகளில் வருகிறது. 250 மைக்ரோகிராமைச் சில உறைகளில் 0.25 மில்லிகிராம் என்று அச்சிட்டிருப்பர், இரண்டும் ஒன்றே. 62.5 உண்பவர் ஊருக்குச் சென்ற இடத்தில் மாத்திரை தீர்ந்து, 250 வாங்கி ஒன்றை விழுங்கினால், நான்கு மாத்திரைகளை ஒருசேர உண்டவராவார். பெயரை மட்டும் பார்த்து வாங்குவதால் வரும் ஆபத்து இது. பயண நாட்களுக்கு வேண்டியதை இங்கேயே வாங்கி, டாக்டரின் சீட்டுடன் கைப்பையில் வைத்துக்கொள்க.

தினமும் ஒரே நேரத்தில் உண்பது நலம். வியாபார மும்முரத்தில் மறந்துவிட்டால், 12 மணி நேரத்துக்குள் நினைவு வந்தால் உண்ணலாம். அதற்குமேல் ஆகிவிட்டால் அவ்வேளையை விட்டுவிடுக. விட்டதற்கு ஈடாக இரண்டு மாத்திரை உண்பது ஒருபோதும் கூடாது. கணக்கில் விட்டதை மறுநாள் சேர்த்து எழுதலாம். மருந்தில் அது செல்லாது.

இம்மருந்தின் பெரும்பகுதி சிறுநீரகத்தின் வழியே வெளியேறுகிறது. வயது முதிர்ந்தோருக்கும் சிறுநீரகம் தளர்ந்தோருக்கும் அது உடலில் தங்கிச் சேரக்கூடும். ஆதலால் டாக்டர் சொல்லும் இரத்தப் பரிசோதனையைத் தட்டிக்கழிக்கலாகாது. நீர் பிரியக் கொடுக்கும் சில மாத்திரைகளாலும், வயிற்றுப்போக்காலும் இரத்தத்தில் பொட்டாசியம் குறையும். குறைந்தால் டிகாக்சினின் கேடு மிகும். அமியோடரோன், வெரபாமில், கிளாரித்ரோமைசின் போன்றவை இரத்தத்தில் அதன் அளவை உயர்த்தும். நாட்டு மருந்து உட்பட எதைப் புதிதாக உண்பதாயினும் முன்கூட்டியே கேட்டறிக.

ரமலான் வருமுன் டாக்டரைக் காண்பது அவசியம். பெரும்பாலும் நாளுக்கு ஒரு வேளை மருந்தாதலால், ஸஹர் நேரத்திலோ நோன்பு திறந்தபின்னோ உண்ண அவர் வழி கூறக்கூடும். நோன்பு கூடாதென்று அவர் சொன்னால், நோயாளிக்கு மார்க்கம் தந்துள்ள சலுகையை ஏற்றுக்கொள்க.

பசியின்மை, குமட்டல், வாந்தி, மனத்தடுமாற்றம், பார்வையில் மஞ்சள் நிறம், நாடி மிகவும் தளர்தல் ஆகியவை அளவு மிஞ்சியதன் அறிகுறிகளாக இருக்கலாம். இவற்றை அஜீரணமென்று கருதிக் கடையிலேயே உட்கார்ந்திராமல் அன்றே டாக்டரிடம் செல்க. மயக்கமோ, நெஞ்சுவலியோ, மூச்சுத்திணறலோ ஏற்பட்டால் மலேசியாவில் 999, சிங்கப்பூரில் 995 எண்ணை உடனே அழைக்க வேண்டும். மாத்திரையின் பெயரையும் அளவையும் வீட்டாரும் கடைப் பையன்களும் அறிந்திருக்கட்டும். மயங்கி விழுந்தவரால் அதைச் சொல்ல இயலாது.