போதகருக்கு மார்க் போடலாமா?

எங்கள் சுயாதீன சபையில் போதகரின் ஊழியத்தை வருஷத்துக்கு ஒருமுறை மதிப்பிடக் கமிட்டி முடிவெடுத்திருக்கிறது. கர்த்தருடைய ஊழியக்காரருக்கு மார்க் போடலாமா? மனம் உறுத்துகிறது.
– கமிட்டி உறுப்பினர் ஒருவர், தூத்துக்குடி

மார்க் வேண்டாம், உட்கார்ந்து பேசுங்கள். உறுத்தலுக்கும் அவசியமில்லை. சபையை நடத்தும் கண்காணிக்கு இருக்கவேண்டிய தகுதிகளை 1 தீமோத்தேயு 3-ஆம் அதிகாரமே வரிசையாகச் சொல்கிறதே!

வருஷத் தொடக்கத்திலேயே போதகரோடு சேர்ந்து, இந்த ஆண்டு எதற்கு முக்கியத்துவம் என்று நாலைந்து காரியங்களை எழுதிக்கொள்ளுங்கள். முன்கூட்டிச் சொல்லாத வேலைக்குக் கணக்குக் கேட்பது நியாயமல்ல. வருஷக் கடைசியில் முதலில் அவரே பேசட்டும்.

ஆராதனைக்கு வந்த தலைகளையும் காணிக்கைப் பையையும் மட்டும் எண்ணாதீர்கள். படுத்த படுக்கையாக இருக்கும் பாட்டியிடம் போய், ஐயா கடைசியாக எப்போது வந்து ஜெபித்தார் என்று கேளுங்கள். வாலிபர் கூட்டத்துப் பிள்ளைகளிடமும், புதிதாகக் கல்யாணமாகி வந்த மருமகள்களிடமும் கேளுங்கள். கமிட்டியின் கண்ணில் படாத ஊழியம் அங்கேதான் தெரியும்.

மொட்டைக் கடிதங்களை இதில் கலக்காதீர்கள். இரண்டு மூன்று சாட்சிகள் இல்லாமல் மூப்பர்மேல் குற்றச்சாட்டை ஏற்கக் கூடாது என்கிறது அதே நிருபத்தின் 5-ஆம் அதிகாரம். பணம், ஒழுக்கம் பற்றிய புகார்களுக்குத் தனி விசாரணை வையுங்கள்.

அதே மேசையில் கமிட்டியும் பதில் சொல்ல வேண்டும். சம்பளம் தேதி தவறாமல் போகிறதா? வாரத்தில் ஒரு நாளாவது அவருக்கு ஓய்வு உண்டா? குருமனைக் கூரை ஒழுகினால் யார் பார்க்கிறார்கள்? பேசி முடித்ததை ஒரே பக்கத்தில் எழுதி, இரு தரப்பும் கையெழுத்திடுங்கள். சம்பள உயர்வுப் பேச்சை மட்டும் வேறொரு நாளுக்கு வையுங்கள்; இல்லாவிட்டால் இருவருமே மனம்விட்டுப் பேச மாட்டீர்கள்.