வன்தட்டு போகவில்லை, இயக்கிதான் வரவில்லை

அரையாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறந்த முதல் நாள், பிளஸ் 2 கணினி அறிவியல் மாணவர்களை ஆய்வகத்துக்கு அழைத்துச் சென்றேன். பத்துக் கணினிகளில் ஏழு வழக்கம்போல் இயங்கத் தொடங்கின. மூன்றில் கறுப்புத் திரை, நாலைந்து வரி ஆங்கிலம், கடைசியில் அடைப்புக்குறிக்குள் 'இனிட்ராம்எஃப்எஸ்' என்ற சொல், அதன் பக்கத்தில் மினுக்கும் கோடு. அவ்வளவுதான். எந்த விசையை அழுத்தினாலும் முன்னே நகரவில்லை.

பழுது பார்ப்பவருக்குத் தொலைபேசியில் சொன்னேன். "ஹார்ட் டிஸ்க் போயிருக்கும் மேடம். வேணும்னா ஃபார்மட் பண்ணிப் பார்க்கலாம்" என்றார். அந்த மூன்றில் ஒன்றில் பதினான்கு மாணவர்களின் பைத்தான் நிரல்கள் இருந்தன. செய்முறைத் தேர்வுக்கு ஒரு மாதம்தான் இருந்தது. நகல் எடுத்து வைக்காதது என் தவறு. ஃபார்மட் செய்ய ஒப்புக்கொண்டிருந்தால் அத்தனையும் போயிருக்கும்.

அன்று அதைத் தடுத்தது ஒரு மாணவியின் கேள்வி. "டிஸ்க் போச்சுன்னா அந்த மெனு எங்கேருந்து மிஸ் வந்துச்சு?"

கணினியை இயக்கியதும் எந்த இயக்க அமைப்பு வேண்டும் என்று கேட்கும் பட்டியல் வருகிறதல்லவா, அதைத்தான் அவள் கேட்டாள். குரப் என்னும் அந்த நிரல் இருப்பதே வன்தட்டில். அதைத் தொடர்ந்து லினக்ஸின் கெர்னலும் அதே வன்தட்டிலிருந்துதான் நினைவகத்துக்கு வருகிறது. இரண்டும் சரியாக வந்திருக்கின்றன என்றால் வன்தட்டு சுழல்கிறது, படிக்கவும் முடிகிறது. அப்படியானால் அதற்குப் பிறகு எதுவோ அறுபட்டிருக்கிறது. அது என்ன என்பதே இந்தப் பாடம். மேல்நிலை முதலாமாண்டு இயக்க அமைப்புப் பாடத்தில் 'சாதன இயக்கி' என்ற சொல்லை ஒரு வரியில் கடந்துவிடுகிறோம். அந்த ஒரு வரிக்கு இதைவிட நல்ல செய்முறை எனக்குக் கிடைத்ததில்லை.

ஒரு எச்சரிக்கையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பராமரிப்பு ஒப்பந்தத்தில் உள்ள உயர்தொழில்நுட்ப ஆய்வகக் கணினிகளில் நாமாகக் கை வைக்கக் கூடாது. நான் சொல்வது ஒப்பந்தக் காலம் முடிந்து, பள்ளியின் பொறுப்புக்கு வந்துவிட்ட பழைய கணினிகளைப் பற்றி. எங்களுடையவற்றில் டெபியன் லினக்ஸை நானே நிறுவியிருந்தேன்.

பீரோவும் சாவியும்

வன்தட்டுடன் கெர்னல் நேரடியாகப் பேசுவதில்லை. தாய்ப்பலகையில் சேமிப்பகக் கட்டுப்படுத்தி என்ற பகுதி நடுவில் இருக்கிறது. அந்தக் கட்டுப்படுத்தியின் மொழி தெரிந்த நிரலே அதன் இயக்கி. இயக்கி இல்லாவிட்டால், வன்தட்டு நன்றாக இருந்தாலும் லினக்ஸுக்கு அது இல்லாத பொருள்தான்.

குரப் மட்டும் எப்படிப் படித்தது? அது பயாஸின் உதவியால் படிக்கிறது. பயாஸுக்குத் தன் தாய்ப்பலகையின் வன்தட்டைப் படிக்கத் தெரியும். கெர்னல் பொறுப்பேற்றதும் பயாஸின் உதவி நின்றுவிடும், அதற்குச் சொந்த இயக்கி வேண்டும். இயக்கிக் கோப்புகளோ வன்தட்டில் இருக்கின்றன. வன்தட்டைத் திறக்க இயக்கி வேண்டும், இயக்கியை எடுக்க வன்தட்டைத் திறக்க வேண்டும். பீரோவைப் பூட்டிவிட்டுச் சாவியை உள்ளேயே வைத்த கதை.

இதற்கு லினக்ஸ் செய்துள்ள ஏற்பாடுதான் இனிட்ராம்எஃப்எஸ். தேவையான இயக்கிகளை ஒரு சிறு பொட்டலமாகக் கட்டி, கெர்னலோடு சேர்த்தே குரப் நினைவகத்தில் ஏற்றிவிடும். பக்கத்து வீட்டில் கொடுத்து வைத்த மாற்றுச் சாவி மாதிரி. கெர்னல் அந்தப் பொட்டலத்தைப் பிரித்து, பொருந்தும் இயக்கியை எடுத்து வன்தட்டைத் திறந்து, பிறகு உண்மையான கோப்பு அமைப்புக்குப் போகும். எங்கள் மூன்று கணினிகளும் நின்றது இந்த இடத்தில். பொட்டலம் வந்துவிட்டது, அதில் சரியான சாவி இல்லை.

சொன்னால் வெட்கம்தான், அந்தக் கறுப்புத் திரையிலேயே காரணம் எழுதியிருந்தது. மூலக் கோப்பு அமைப்புள்ள சாதனத்துக்காகக் காத்திருந்து கைவிட்டேன் என்றது முதல் வரி. பொதுவான காரணங்கள் என்று அதன் கீழே இருந்தவற்றில் ஒன்று, 'மாட்யூல்கள் இல்லாமல் இருக்கலாம்'. எதைத் தட்டச்சுச் செய்து பார்க்க வேண்டும் என்றும் சொல்லியிருந்தது. நான் உட்பட ஒருவரும் படிக்கவில்லை. தேர்வில் கேள்வியைப் படிக்காமல் விடை எழுதுகிறார்கள் என்று மாணவர்களைத் திட்டுகிறோம்.

எண்களைப் படித்தல்

இங்கே தமிழில் எழுதியுள்ள கட்டளைகளை ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் தட்டச்சுச் செய்ய வேண்டும். 'கேட் /ப்ராக்/மாட்யூல்ஸ்' என்றால் ஏற்றப்பட்ட இயக்கிகளின் பட்டியல் வரும். 'எல்எஸ் /டெவ்' என்றால் கெர்னலுக்குத் தெரிந்த சாதனங்கள் வரும். நல்ல கணினியில் எஸ்டிஏ என்ற பெயரில் வன்தட்டு தெரிந்தது. கெட்ட கணினியில் அந்தப் பெயரே இல்லை.

அடுத்து, கட்டுப்படுத்தி தன்னை யார் என்று சொல்லிக்கொள்கிறது என்று பார்க்க வேண்டும். பிசிஐ வழித்தடத்தில் உள்ள ஒவ்வொரு சாதனமும் ஆறு இலக்க வகுப்பு எண் ஒன்றைத் தாங்கியிருக்கும். 'கேட் /சிஸ்/பஸ்/பிசிஐ/டிவைசஸ்/' என்று எழுதி, அதையடுத்து இடைவெளி விடாமல் ஒரு நட்சத்திரக் குறி, '/கிளாஸ்' என்று முடித்தால் எல்லா எண்களும் வரிசையாக வரும். ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் உள்ள பூஜ்யத்தையும் எக்ஸையும் விட்டுவிட்டு அடுத்த நான்கு இலக்கங்களைப் பாருங்கள். முதல் இரண்டு 01 என்றால் சேமிப்பகம், 02 என்றால் வலையமைப்பு, 03 என்றால் காட்சித்திரை. சேமிப்பகத்திலேயே 0101 என்றால் ஐடிஇ, 0104 என்றால் ரெய்டு, 0106 என்றால் சேட்டா. சேட்டாவில் கடைசி இரண்டு இலக்கம் 01 ஆக இருந்தால் அது ஏஎச்சிஐ.

நல்ல கணினியையும் கெட்ட கணினியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இரண்டு குழுக்களாக எண்களைத் தாளில் எழுதச் சொன்னேன். இரண்டும் ஒரே நாளில் வந்த, ஒரே மாதிரிக் கணினிகள். மற்ற வரிகள் எல்லாம் ஒத்துப்போயின. ஒரு வரி மட்டும் மாறியது. நல்லதில் 010601, கெட்டதில் 0101 என்று தொடங்கும் எண். ஆறு வேறுபாடு கண்டுபிடி விளையாட்டு போல அதைத் தேடிப் பிடித்தார்கள்.

ஆக, அதே கட்டுப்படுத்தி விடுமுறைக்கு முன் தன்னை ஏஎச்சிஐ என்றது, இப்போது ஐடிஇ என்கிறது. இன்டெல் கட்டுப்படுத்தி ஏஎச்சிஐ முறையில் இருந்தால் லினக்ஸில் அதைக் கையாளும் இயக்கியின் பெயரும் ஏஎச்சிஐ. ஐடிஇ முறையில் இருந்தால் ஏடிஏ-பிஐஐஎக்ஸ் என்ற வேறோர் இயக்கி வேண்டும். பூட்டு மாறிவிட்டது, பொட்டலத்தில் பழைய பூட்டின் சாவி மட்டும் இருக்கிறது.

பூட்டை மாற்றியது யார்

பயாஸ் திரைக்குள் போய்ப் பார்த்தால் தேதி 2010 ஜனவரி 1. அதைக் கண்டதுமே விளங்கிவிட்டது. தாய்ப்பலகையில் உள்ள சிஆர்2032 என்னும் 3 வோல்ட் பொத்தான் மின்கலம் தீர்ந்திருக்கிறது. விடுமுறையில் மின்சாரத்தைத் துண்டித்துவிட்டுப் போயிருந்ததால், பயாஸ் தன் அமைப்புகளை மறந்து, தொழிற்சாலையிலிருந்து வந்தபோது இருந்த நிலைக்குத் திரும்பிவிட்டது. அந்த நிலையில் சேட்டா முறை ஐடிஇ. காலையில் திரையில் 'எஃப்1 அழுத்தித் தொடரவும்' என்று வந்ததாம், பையன்கள் அழுத்திவிட்டுத் தொடர்ந்திருக்கிறார்கள்.

ஏஎச்சிஐ தரத்தின் முதல் பதிப்பு 2004இல் வந்தது. பல கட்டளைகளை வரிசையில் வாங்கி வைத்துக்கொண்டு வசதியான ஒழுங்கில் முடிக்கும் திறன் அதில் உண்டு, ஒரு இணைப்புக்கு 32 கட்டளை வரை. அப்படியிருக்க, பிறகு வந்த கணினிகளும் ஏன் பழைய ஐடிஇயை இயல்புநிலையாக வைத்திருந்தன? விண்டோஸ் எக்ஸ்பி நிறுவும் குறுவட்டில் ஏஎச்சிஐ இயக்கி கிடையாது. எஃப்6 அழுத்தி நெகிழ்வட்டில் இயக்கியைக் கொடுக்க வேண்டும். அந்தத் தொல்லை வேண்டாமென்று பல தாய்ப்பலகைகளில் ஐடிஇ முறையையே விட்டு வைத்தார்கள்.

இதில் என் பங்கும் உண்டு. டெபியனை விரிவான முறையில் நிறுவும்போது, பொட்டலத்தில் எல்லா இயக்கிகளையும் சேர்க்கவா, இந்தக் கணினிக்குத் தேவையானவற்றை மட்டும் சேர்க்கவா என்று ஒரு கேள்வி வரும். சிறியதாக இருந்தால் வேகமாகத் தொடங்குமே என்று இரண்டாவதைத் தேர்ந்தெடுத்திருந்தேன். முதலாவதைத் தேர்ந்திருந்தால் மின்கலம் தீர்ந்தது யாருக்கும் தெரியாமலே ஆய்வகம் ஓடியிருக்கும்.

சரிசெய்த விதம்

மின்கலத்தை மாற்றினோம். மின் இணைப்பைப் பிடுங்கிவிட்டுத்தான் பெட்டியைத் திறக்க வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை, இருந்தாலும் சொல்கிறேன். பயாஸில் தேதியைச் சரிசெய்து, சேட்டா முறையை ஏஎச்சிஐ ஆக்கிச் சேமித்தோம். மூன்று கணினிகளும் திறந்துகொண்டன. நிரல்கள் அப்படியே இருந்தன. வேறு எதையும் தொடும் முன் அவற்றைப் பென்டிரைவில் எடுத்துக்கொண்டேன்.

மறுபடியும் இப்படி நேராமலிருக்க இயக்கிப் பொட்டலத்தை மாற்றிக் கட்ட வேண்டும். நிர்வாகி உரிமையோடு '/இடிசி/இனிட்ராம்எஃப்எஸ்-டூல்ஸ்/இனிட்ராம்எஃப்எஸ்.கான்ஃப்' என்ற கோப்பைத் திறந்தால் 'மாட்யூல்ஸ்=' என்று ஒரு வரி இருக்கும். மாட்யூல்ஸ் என்பது அங்கே பெரிய எழுத்தில் இருக்கும், அதை மாற்றக் கூடாது. சமக்குறிக்குப் பிறகு 'டெப்' என்று இருந்தால் இந்தக் கணினிக்கு மட்டும் என்று பொருள். அதை 'மோஸ்ட்' ஆக்க வேண்டும். நிறுவும்போது தந்த விடை '/இடிசி/இனிட்ராம்எஃப்எஸ்-டூல்ஸ்/கான்ஃப்.டி' கோப்புறையில் தனிக் கோப்பாகவும் இருக்கலாம், அங்கும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். அங்கே 'டெப்' இருந்தால் அதுதான் செல்லும். ஒரே ஒரு இயக்கியை மட்டும் சேர்க்க விரும்பினால் அதே இனிட்ராம்எஃப்எஸ்-டூல்ஸ் கோப்புறையில் உள்ள 'மாட்யூல்ஸ்' என்னும் கோப்பில் அதன் பெயரைத் தனி வரியாக எழுதினால் போதும்.

கோப்பை மாற்றியதால் மட்டும் பொட்டலம் மாறாது. பலரும் இங்கேதான் விட்டுவிடுகிறார்கள். 'அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் -யு -கே ஆல்' என்ற கட்டளையைத் தந்தால்தான், நிறுவியுள்ள எல்லாக் கெர்னல்களுக்கும் பொட்டலம் புதிதாகக் கட்டப்படும். 'எல்எஸ்இனிட்ராம்எஃப்எஸ்' என்று எழுதி, பூட் கோப்புறையில் உள்ள இனிட்ஆர்டி கோப்பின் பெயரைக் கொடுத்தால் உள்ளே என்ன இருக்கிறது என்று பட்டியல் வரும். அதில் இரண்டு இயக்கிகளும் இருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ளலாம். பொட்டலம் முன்பைவிடப் பெரிதாகும், 500 ஜிபி வன்தட்டில் அது ஒரு பொருட்டல்ல.

சரியாகிவிட்டது என்று வாயால் சொன்னால் பிளஸ் 2 மாணவர்கள் நம்ப மாட்டார்கள். ஒரு கணினியில் வேண்டுமென்றே சேட்டா முறையை ஐடிஇ ஆக்கித் தொடங்கினோம். தடையில்லாமல் வந்தது. 'எல்எஸ்பிசிஐ -கே' கட்டளை தந்தபோது பயன்பாட்டில் உள்ள இயக்கி ஏடிஏ-பிஐஐஎக்ஸ் என்றது. திரும்ப ஏஎச்சிஐக்கு மாற்றித் தொடங்கினால் இயக்கியின் பெயரும் மாறியது. சாதன இயக்கி என்ற சொல்லை அதற்குப் பிறகு யாருக்கும் நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

இந்தச் சோதனையை விண்டோஸ் உள்ள கணினியில் செய்ய வேண்டாம். முறையை மாற்றியதும் விண்டோஸ் நீலத் திரையோடு நிற்கக்கூடும். மாற்றியே ஆக வேண்டுமென்றால், அடுத்த முறை பாதுகாப்பு முறையில் தொடங்கும்படி விண்டோஸில் முதலில் அமைத்துவிட்டுப் பிறகு பயாஸில் மாற்ற வேண்டும். மடிக்கணினியில் லினக்ஸ் நிறுவும்போது வன்தட்டே காட்டவில்லை என்று ஆசிரியர்கள் சிலர் கேட்டார்கள். அங்கும் பெரும்பாலும் இதே கதையின் இன்னொரு வடிவம்தான். பயாஸில் ரெய்டு என்று இருப்பதால் என்விஎம்இ சேமிப்பகம் கட்டுப்படுத்திக்குப் பின்னால் மறைந்துவிடுகிறது. ஏஎச்சிஐக்கு மாற்றச் சொல்லிக் கெர்னலே தன் பதிவில் எழுதி வைப்பதும் உண்டு.

எல்லாப் பழுதும் இயக்கியால் வருவதில்லை. குரப் பட்டியலே வராமல், தொடங்கச் சாதனம் இல்லை என்று பயாஸே சொன்னால் கம்பியைச் சரிபார்க்க வேண்டும். வன்தட்டிலிருந்து டக் டக் என்று ஒலி வந்தால் அது வேறு நோய். 'ஸ்மார்ட்சிடிஎல் -ஏ' என்ற கட்டளையோடு வன்தட்டின் பெயரைத் தந்தால் அதன் உடல்நிலை அறிக்கை வரும். மாற்றியமைக்கப்பட்ட பிரிவுகள், காத்திருக்கும் பிரிவுகள் என்ற இரண்டு வரிகளிலும் கடைசி எண் பூஜ்யமாக இருப்பது நல்லது. அடுத்த வாரம் மாணவர்கள் பத்துக் கணினிகளிலும் இதை ஓட்டிப் பார்த்தார்கள். கறுப்புத் திரை காட்டிய மூன்றும் நலம். வழக்கம்போல் தொடங்கிய ஏழில் ஒன்றில், ஆறாம் எண் கணினியில், காத்திருக்கும் பிரிவுகள் 48 என்று வந்தது. அதிலிருந்த கோப்புகளை நகலெடுத்துவிட்டோம். மாற்று வன்தட்டு கேட்டுத் தலைமையாசிரியரிடம் கடிதம் கொடுத்திருக்கிறேன்.