ரவையா, ஸ்லக்கா? குறி தப்பாதது எது?

(அறிவியல் பகுதி – 9-ஆம் வகுப்பு மாணவி)



போன மாதம் எங்கள் காப்பித் தோட்டத்தில் மிளகுக் கொடிக்குக் கீழே ஒரு கொண்டைக்குருவி கிடந்தது. இறக்கை ஒடிந்து போயிருந்தது. கூடையில் வைத்துத் தண்ணீர் கொடுத்தேன், மறுநாள் காலையில் செத்துவிட்டது. இறக்கை மூட்டில் தடித்துத் தெரிந்த இடத்தை அம்மா அமுக்கினார்கள். சாம்பல் நிறத்தில் சின்னதாக ஒன்று வெளியே வந்தது. இரண்டு பக்கமும் அகலம், நடுவில் இடுப்பு. பூசாரி கையில் இருக்கும் உடுக்கையை உளுந்து அளவுக்குச் சின்னதாக்கினால் எப்படி இருக்கும், அப்படியே இருந்தது!

அது ஏர்கன் ரவை. பெல்லட் என்றும் சொல்வார்கள். சுட்டது யார் என்று நான் தேடவே வேண்டியதில்லை. கீழ்நாட்டில் இருந்து வந்திருந்த எங்கள் அத்தை மகன்தான். கேட்டதற்கு, "நான் குருவிய சுடலை புள்ள, பலாக்காயைத்தான் குறி வெச்சேன். ரவை வெலகிப் போச்சு. ஸ்லக்குன்னு ஒண்ணு இருக்கு. தோட்டா மாதிரி நீளமா இருக்கும். அதைப் போட்டிருந்தா நேரா போயிருக்கும்" என்றார்.

நீளமாக இருந்தால் நேராகப் போகுமா? எனக்கு நம்பிக்கை வரவில்லை. நம்மிடம் ஏர்கன் கிடையாது, இருந்தாலும் நான் தொட்டிருக்க மாட்டேன். ஆனால் நம் எல்லோரிடமும் வேறு ஒரு காற்றுத் துப்பாக்கி இருக்கிறது. மூங்கில் குழலின் வாயில் பச்சைக் காயை அடைத்து, பின்னால் இன்னொரு காயை வைத்துக் குச்சியால் தள்ளினால் 'டப்'புன்னு வெடிக்குமே, அதுதான்! இரண்டு காய்க்கும் நடுவில் மாட்டிக்கொண்ட காற்று நெருக்கப்பட்டு முன்காயைத் தள்ளுகிறது. ஸ்பிரிங் ஏர்கன்னிலும் இதே வேலைதான். அதில் குச்சிக்குப் பதில் ஸ்பிரிங்கும் பிஸ்டனும் இருக்கின்றன.

சுண்டுவிரல் நுழையும் அளவு ஓட்டையுள்ள மூங்கிலில் ஒரு முழக் குழல் வெட்டினேன். இரண்டு வகைக் குண்டு செய்தேன். ஒன்று ரவை மாதிரி: முன்னால் களிமண் தலை, பின்னால் காகிதத்தில் பாவாடை மாதிரி உள்ளே காலியான வால். இன்னொன்று ஸ்லக் மாதிரி: ஊறவைத்த பேப்பரையும் களிமண்ணையும் பிசைந்து உருட்டிய, ஒரு அங்குல நீளமுள்ள கட்டி. முனையை மையில் தொட்டு, பத்தடி தூரத்தில் தொங்கவிட்ட பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் சுட்டேன். வெளியே நின்றால் நம் மலைக்காற்று சும்மா விடாது, அதனால் வராண்டாவுக்குள்ளேயே செய்தேன். தாளுக்குப் பின்னால் சுவர். தம்பியை எனக்குப் பின்னால்தான் நிறுத்தினேன். (நீங்கள் செய்தாலும் அப்படித்தான் செய்யவேண்டும், கண்ணு பத்திரம்!)

துல்லியத்தை அளப்பது எப்படி? எத்தனை நடுவில் பட்டது என்று எண்ணுவது போதாது. பத்தும் நடுவை விட்டுத் தள்ளி ஒரே இடத்தில் விழுந்தால், அது துப்பாக்கியின் குற்றம் இல்லை. குறி பார்க்கும் இடத்தைக் கொஞ்சம் மாற்றிவிட்டால் சரியாகிவிடும். ஆளுக்கு ஒரு பக்கம் சிதறினால்தான் ஒன்றும் செய்ய முடியாது. அதனால் ரொம்பத் தள்ளி இருக்கும் இரண்டு அடையாளங்களுக்கு நடுவே நூல் பிடித்து அளந்தேன். அந்த நூல் எவ்வளவு குட்டையோ, அவ்வளவு துல்லியம்.

ரவை 10 சுட்டதில் 9 தாளில் பட்டது. நூல் 14 செ.மீ. ஸ்லக் 10 சுட்டதில் 5-தான் பட்டது. நூல் 38 செ.மீ.! சத்தம் என்னவோ ஸ்லக்குக்குத்தான் பெரிசு.

ஆனால் அளவைவிட என்னை ஆச்சரியப்படுத்தியது மை அடையாளம். ரவை பட்ட இடமெல்லாம் வட்டப் பொட்டு. ஸ்லக் பட்ட இடத்தில் நீளமான கோடு! அதாவது அது மூக்கால் போய் மோதவில்லை. போகிற வழியிலேயே குட்டிக்கரணம் அடித்து, படுத்தவாக்கில் மோதியிருக்கிறது. நிஜத் துப்பாக்கியிலும் குண்டு இப்படிப் புரண்டு போனால் அட்டையில் நீளவாக்கில் ஓட்டை விழுமாம்.

உடனே நோட்டை எடுத்துக்கொண்டு அறிவியல் டீச்சரிடம் ஓடினேன். டீச்சர் பார்த்துவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார்கள்: "ஏம்மா, ரெண்டும் ஒரே எடையா?"

எனக்குத் திக்கென்றது. எடை போடவே இல்லை! ஆய்வகத் தராசில் வைத்துப் பார்த்தால் ஸ்லக் இரண்டு மடங்கு கனம். இரண்டு காரணங்களை ஒரே நேரத்தில் மாற்றிவிட்டால், வித்தியாசம் எதனால் வந்தது என்று சொல்ல முடியாது அல்லவா? களிமண்ணைக் குறைத்து, ரவையின் எடைக்கே ஸ்லக்கைச் செய்தேன். மறுபடியும் 10. இந்த முறை 7 பட்டது, நூல் 24 செ.மீ. பாதி வித்தியாசம் எடையால் வந்தது போலும்! ஆனால் கோடுகள் மட்டும் கோடுகளாகவே இருந்தன.

காரணம் இதுதான். ரவைக்குத் தலை கனம், வால் லேசு. மூக்கு கொஞ்சம் திரும்பினாலும் அகலமான வாலைக் காற்று பின்னுக்கு இழுத்து நேராக்கிவிடும். இறகுப்பந்தை எப்படி அடித்தாலும் தலைகீழாகத் திரும்பி வருவது இதனால்தான். நம் வல்வில் ஓரியின் அம்பும் இதே கணக்குதான். யானை, புலி, மான், பன்றி, புற்றில் இருந்த உடும்பு என்று ஐந்தையும் ஓரே அம்பு துளைத்ததாகப் புறநானூற்றில் வன்பரணர் பாடியிருக்கிறார். அந்த அளவுக்கு நடந்ததோ இல்லையோ, அம்பின் வாலில் இறகு இல்லாவிட்டால் முதல் யானைகூடத் தப்பித்திருக்கும்! இதைச் சோதிக்க என் ஸ்லக்கின் பின்னால் சின்னக் கோழி இறகைச் செருகிச் சுட்டேன். கோடு போய் பொட்டு வந்துவிட்டது.

"அப்போ ஸ்லக் மட்டம்னு எழுதிடலாமா டீச்சர்?" என்று கேட்டேன். "உன் மூங்கிலுக்குள்ள மரை இருக்கா?" என்றார்கள்.

இல்லை. நிஜ ஏர்கன் குழாயின் உட்சுவரில் திருகாணி மரை மாதிரி சுற்றிச் சுற்றிப் போகும் பள்ளங்கள் உண்டு. ரைஃபிள் என்ற பெயரே அந்தப் பள்ளத்தால் வந்ததுதான். மெத்தென்ற ஈயம் அதில் கவ்விக்கொண்டு, சுழன்றபடி வெளியே வரும். சுற்றும் பம்பரம் சாயாது, சுற்றும் குண்டும் புரளாது. ரவைக்கு வாலும் உண்டு, சுழற்சியும் உண்டு. ஸ்லக்குக்கு வால் உதவி கிடையாது, சுழற்சியை மட்டுமே நம்பியிருக்கிறது. அதனால் அதற்கு வேகமும் வேண்டும், நீளத்துக்கு ஏற்ற மரையும் வேண்டும், குழாய்க்கு நூலிழை பிசகாத பருமனும் வேண்டும். ரவையின் பாவாடை காற்றழுத்தத்தில் விரிந்து குழாயோடு ஒட்டிக்கொள்ளும், கட்டியான ஸ்லக் அவ்வளவு விட்டுக்கொடுக்காது. சாதாரண ஸ்பிரிங் துப்பாக்கியில் போட்டால் ரவையைவிட மோசமாகச் சிதறலாம்.

இதெல்லாம் சரியாக அமைந்துவிட்டால் ஸ்லக்குக்கு ஒரு லாபம் இருக்கிறது. வால் இல்லாததால் காற்று அதை அவ்வளவு இழுக்காது. தூரம் போனாலும் வேகம் அதிகம் குறையாது, பக்கக்காற்றிலும் குறைவாகவே ஒதுங்கும். ஐம்பது, நூறு மீட்டர் தூரத்துக்கு, அழுத்திய காற்றை அடைத்து வைக்கும் பெரிய ஏர்கன்களில் அதனால்தான் அதை விரும்புகிறார்கள். கிட்டத்தில் இந்த லாபம் தெரியவே தெரியாது.

ஒலிம்பிக்கில் 10 மீட்டர் ஏர் ரைஃபிள் போட்டி இருக்கிறது. 2008-ல் பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வாங்கினாரே, அதுதான். சென்னையில் பிறந்த ககன் நரங் 2012-ல் லண்டனில் அதே போட்டியில் வெண்கலம் வாங்கினார். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் அக்கா 2019-ல் உலகக் கோப்பைத் தங்கம் வென்றதும் இதில்தான். அங்கே பத்து மதிப்பெண்ணுக்கான புள்ளி எவ்வளவு பெரிசு தெரியுமா? அரை மில்லிமீட்டர்! நம் பால்பாயிண்ட் பேனா வைக்கிற புள்ளி. அதை அடிக்க அவர்கள் பயன்படுத்துவது ஸ்லக் இல்லை, உடுக்கை மாதிரி இருக்கும் அதே 4.5 மி.மீ. ரவைதான். எடை சுமார் அரை கிராம். அதன் முகமும் கூராக இருக்காது, தட்டையாக இருக்கும். தட்டை முகம்தான் காகிதத்தில் கத்தரித்த மாதிரி சுத்தமான வட்ட ஓட்டை போடும், மதிப்பெண் அளப்பது சுலபம். அவர்கள்கூட ஒரே ரவை எல்லாத் துப்பாக்கிக்கும் ஒத்துப்போகும் என்று நினைப்பதில்லை. தங்கள் துப்பாக்கியில் பல ரவைகளைச் சுட்டுப் பார்த்து, எது நெருக்கமாக விழுகிறதோ அதையே வைத்துக்கொள்கிறார்கள்.

ஆக, பத்து மீட்டரில் பேனாப் புள்ளியை அடிக்கிற ரவை, அத்தை மகன் சுட்டபோது மட்டும் பலாக்காயை விட்டுக் குருவியிடம் போய்விட்டதாம்! ஆடி 18-ல் செம்மேட்டில் நடக்கும் ஓரி விழாவில் பலூன் சுடும் கடையில் அவர் பத்து ரவைக்கு ஒரு பலூன் உடைத்ததை நான்தான் பக்கத்தில் நின்று பார்த்தேனே.

குருவியைச் சுடுவது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அருணாச்சலப் பிரதேசத்தில் 2021-ல் 'ஏர்கன் சரண்டர்' என்று ஓர் இயக்கம் தொடங்கி, ஆயிரத்துக்கும் மேற்பட்ட துப்பாக்கிகளை ஊர்மக்களே கொண்டுவந்து ஒப்படைத்திருக்கிறார்கள். அதை டீச்சர் சொன்ன அன்று சாயங்காலமே அத்தை மகனிடம் சொன்னேன். அவர் காலண்டர் தாளையே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "அந்தக் குழலைக் குடு புள்ள" என்று வாங்கி, இறகு வைத்த ஸ்லக்கை அவரே பத்து சுட்டார். நூல் 19 செ.மீ. துப்பாக்கியை இரவல் கொடுத்தவரிடமே மறுநாள் திருப்பிக் கொடுத்துவிட்டார். நான் கேட்டதாலா, 19 செ.மீ.யாலா என்று எனக்குத் தெரியாது.

நான்கு காலண்டர் தாள்களும் அறிவியல் மூலையில் மாட்டியிருக்கின்றன. நூலும் ஸ்கேலும் பக்கத்திலேயே இருக்கின்றன, என் அளவு சரியா என்று அளந்து பாருங்கள். கொண்டைக்குருவி இறக்கையில் இருந்த ரவை கீழே தீப்பெட்டியில் இருக்கிறது. அது ஈயம், உடம்புக்கு விஷம். தொட்டுப் பார்த்தால் சத்துணவுக்குப் போகும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவிவிடுங்கள்.