தார்ரோட்டில் புறங்கையை வைத்துப் பார், தம்பி

தம்பி, சிப்பிப்பாறை நாய்க்குட்டிக்கு ஒரு வயது ஆகப்போகிறது, இனி தினமும் பைபாஸ் சர்வீஸ் ரோட்டில் ஐந்து கிலோமீட்டர் நடக்கக் கூட்டிக்கொண்டு போகிறேன் என்று நேற்று போனில் சொன்னாய். சந்தோஷம். ஆனால் "காலையில எட்டரைக்கு மேலதான்க்கா எனக்கு ஒழியும்" என்றாயே, அதைக் கேட்டதிலிருந்து மனசு கேட்கவில்லை. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். சித்திரை பிறப்பதற்குள் படித்துவிடு.

முதல் விஷயம், புறங்கை. ரோட்டில் இறங்கியதும் குனிந்து, வெயில் படுகிற தாரின் மேல் புறங்கையை வைத்து ஏழு வரை எண்ணு. உள்ளங்கையை நம்பாதே, அது காய்ப்பு ஏறிய தோல், சூட்டை மறைத்துவிடும். ஏழு எண்ணுவதற்குள் கையை எடுத்துவிட்டாய் என்றால் அன்றைக்கு அந்த ரோடு நாய்க்கு இல்லை. காற்றில் 25 டிகிரி இருக்கும்போதே நேர்வெயிலில் தார் 50 டிகிரியைத் தாண்டிவிடும். அந்தச் சூட்டில் தோல் வேக ஒரு நிமிடம் போதும். சித்திரையில் நம்மூரில் விடியற்காலையிலேயே 25 டிகிரி இருக்கும், எட்டரை மணிக்கு எப்படி இருக்கும் என்று நீயே யோசி. வெயில் தாழ்ந்ததும் சாயங்காலம் போகலாம் என்றும் அவசரப்படாதே. பகல் முழுக்கக் குடித்த சூட்டைத் தார் ராத்திரி ஏழரை மணி வரைக்கும் கக்கிக்கொண்டிருக்கும். அப்போதும் புறங்கைதான் கணக்கு.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். நம் வீட்டு நாய் செவலை உனக்கு ஞாபகம் இருக்கும். நீ சென்னையில் படித்துக்கொண்டிருந்த சமயம். பங்குனி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. எட்டே முக்காலுக்குக் கிளம்பினேன். போகும்போது ஒன்றும் தெரியவில்லை. பிள்ளை வாலைச் சுழற்றிக்கொண்டு எனக்கு முன்னால் ஓடினான். மூன்று கிலோமீட்டர் போய்த் திரும்பும்போது, நின்றிருந்த ஒரு லாரியின் நிழலில் போய் நின்றுகொண்டான். கயிற்றை இழுத்தேன். வரவில்லை. அடம் பிடிக்கிறான் என்று நினைத்து இன்னும் இழுத்தேன். வந்தான். இருபது அடி வந்ததும் முன்காலைத் தூக்கினான், ஊன்றினான், மற்றதைத் தூக்கினான். அப்போதும் எனக்குப் புரியவில்லை. டீக்கடை ஆச்சிதான் ஓடிவந்து ஒரு சாக்கை நனைத்துத் தரையில் விரித்து, "காலைப் பாரு தாயி" என்றாள். தூக்கிப் பார்த்தேன். பாதத்து மெத்தையில் கருப்புத் தோல் அவித்த கிழங்குத் தோல் மாதிரி ஒரு ஓரமாக உரிந்து தொங்கியது. உள்ளே ரோஸ் நிறம். அவன் என் கையை நக்கிக்கொண்டிருந்தான். இரண்டு வாரம் கட்டுப் போட்டோம். அந்த இரண்டு வாரமும், நான் செருப்பு மாட்டும் சத்தம் கேட்டால் நொண்டிக்கொண்டே வாசலுக்கு வந்து நின்றான்.

"நாட்டு நாய்தானே, தாங்கும்" என்று உன்னிடமும் பத்துப் பேர் சொல்வார்கள். சிப்பிப்பாறை நம் பக்கத்து ஊரின் பெயர். கருப்பில் பழுப்புப் புள்ளி வைத்த கன்னியும் இந்த மண்ணின் பிள்ளைதான். கல்யாணமாகிப் போகும் பெண்ணுக்குச் சீராகக் கொடுத்த நாய் என்பதால் அதற்குக் கன்னி என்று பெயர் வந்ததாகப் பெரியவர்கள் சொல்வார்கள். 2005-ல் ராஜபாளையம் நாய்க்குத் தபால் தலை வந்தது. 2020 ஆகஸ்டில் பிரதமர் வானொலியில் சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை என்றெல்லாம் பெயர் சொன்னபிறகு, நம் நாயைத் தேடி எங்கெங்கிருந்தோ வருகிறார்கள். பெருமையான விஷயம்தான். ஆனால் இந்த நாய் கரிசல் வெயிலைத் தாங்கியது எப்படி என்று யோசித்துப் பார். தோட்டத்தில் கிடந்த நாய் உச்சி வெயிலில் என்ன செய்யும்? வேப்ப மரத்தடியில் மண்ணைப் பறித்து, ஈரம் தட்டும் இடத்தில் வயிற்றை வைத்துப் படுக்கும். அதன் வேலை விடியலிலும் இருட்டிலும்தான். ஓடினால் அம்பு மாதிரி ஓடும், கொஞ்ச நேரம் ஓடும், பிறகு படுத்துவிடும். ஒரே வேகத்தில் ஐந்து கிலோமீட்டர் தார்மேல் நடப்பது அதன் பிழைப்பே இல்லை. வெயிலைத் தாங்கும் சாமர்த்தியம் அதன் தோலில் இல்லை, நிழலைத் தேடிப் போகும் புத்தியில் இருந்தது. கழுத்தில் கயிறு போட்ட நிமிடம் அந்தப் புத்திக்கு வேலை இல்லாமல் போகிறது. அதற்குப் பிறகு நிழல் தேடுவது உன் வேலை. எங்கேயாவது நின்றால் இழுக்காதே, கூடவே நின்று ஏன் நின்றது என்று பார். நான் செய்யாமல் விட்டது அதைத்தான்.

அதனால் மாசி தொடங்கி ஆவணி வரைக்கும் ஐந்து மணிக்கு எழுந்திரு, ஆறரைக்குள் வீடு திரும்பு. ஒரே நேர்ரோட்டில் தூரமாகப் போய்த் திரும்பும் நடையை விட்டுவிடு. அதில் ஒரு சிக்கல் இருக்கிறது. எந்த இடத்தில் நீ வீட்டுக்கு அதிக தூரத்தில் இருக்கிறாயோ, அங்கேதான் வெயில் ஏறத் தொடங்கும், நாயும் களைத்திருக்கும், வந்த தூரம் முழுவதும் பாக்கி இருக்கும். நாலுவழிச் சாலை ஓரத்தில் ஒதுங்க ஒரு புளியமரம்கூட கிடையாது. அதற்குப் பதிலாக வீட்டைச் சுற்றியே ஒரு கிலோமீட்டர் வட்டம் போட்டு மூன்று சுற்று நட. ஒவ்வொரு சுற்றிலும் வாசலைத் தொடுவாய், தண்ணீர் காட்டலாம், முடியவில்லை என்றால் உள்ளே போய்விடலாம். மண்பாதை கிடைத்தால் அதிலேயே நட. கதிரேசன் கோயில் மலைப் பக்கம் போவதாக இருந்தால் இருட்டு விலகும்போதே போய்விட்டு வா. பாறையும் தார் மாதிரியேதான் சூடேறும்.

கரிசல் மண்ணையும் லேசாக நினைக்காதே. கருப்பு நிறம் வெயிலை வாங்கி வைத்துக்கொள்ளும், மத்தியானத்தில் தாருக்குச் சற்றும் சளைத்ததல்ல. கோடையில் நிலம் பிளந்து கிடக்கும்போது அந்த வெடிப்பில் நாயின் முன்கால் இறங்கினால் சுளுக்குப் பிடிக்கும், எலும்பே முறியலாம். வெடித்த காட்டில் ஓட விடாதே. ஐப்பசி மழையில் வேறு கதை. விரல் இடுக்கில் மண் அப்பி, வீட்டுக்கு வருவதற்குள் காய்ந்து கல்லாகிவிடும். பிய்த்து எடுக்காதே, முடியோடு வரும். வெதுவெதுப்பான தண்ணீரில் காலை ஊறவைத்தால் தானாகக் கரையும்.

தண்ணீர் விஷயம். ஒரு லிட்டர் பாட்டிலும் ஒரு பழைய ஐஸ்கிரீம் டப்பாவும் எப்போதும் பையில் இருக்கட்டும். கால் மணிக்கு ஒரு தடவை நிறுத்தி, கொஞ்சம் கொஞ்சமாகக் காட்டு. வாய்க்கால் ஓரம், வயல் வரப்பில் தேங்கிக் கிடக்கும் தண்ணீரைக் குடிக்க விடாதே. மக்காச்சோளத்துக்கும் பருத்திக்கும் மருந்து அடிக்கும் காலத்தில் அந்தத் தண்ணீரில் என்ன கலந்திருக்கும் என்று யாருக்கும் தெரியாது. தீப்பெட்டி ஆபீஸ் இருக்கும் தெருவில் கீழே சிதறிக் கிடக்கும் குச்சியை மோந்து பார்த்து வாயில் போடப் பார்க்கும். குச்சி மருந்தில் இருக்கும் பொட்டாசியம் குளோரேட் நாயின் ரத்தத்தைக் கெடுக்கும் விஷம். அங்கே கயிற்றைக் குட்டையாகப் பிடித்துக்கொள்.

இனி சொல்வதை இரண்டு தடவை படி. நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வேர்க்காது. பாதத்தில் மட்டும் கொஞ்சம் வேர்க்கும், மற்றபடி நாக்கைத் தொங்கப்போட்டு இளைத்துத்தான் சூட்டை வெளியே தள்ளும். சாதாரணமாக அதன் உடம்புச் சூடு 101-லிருந்து 102.5 டிகிரி ஃபாரன்ஹீட். 104-ஐத் தாண்டினால் ஆபத்து தொடங்குகிறது, 106 என்றால் உயிருக்கே ஆபத்து. தெர்மாமீட்டர் இல்லாமலே தெரிந்துகொள்ளலாம். இளைப்பு சத்தமாக மாறி, நிழலில் நின்ற பிறகும் அடங்காது. நாக்கு அகலமாகி அடர்சிவப்பாகும். எச்சில் கோழை மாதிரி கெட்டியாக நூல் விடும். பின்கால் தள்ளாடும், சில நேரம் வாந்தி எடுக்கும். இதில் எதைப் பார்த்தாலும் நடையை அந்த இடத்திலேயே நிறுத்து.

அப்புறம் செய்ய வேண்டியது, முதலில் குளிர வைப்பது, பிறகு ஆஸ்பத்திரி. இந்த வரிசையை மாற்றாதே. வண்டி தேடி, டாக்டருக்குப் போன் போட்டு நேரத்தை ஓட்டினால் உள்ளே சூடு ஏறிக்கொண்டே இருக்கும். நிழலில் கிடத்தி, வயிறு, தொடை இடுக்கு, அக்குள் எல்லாம் நனையும்படி தண்ணீரை ஊற்றிக்கொண்டே இரு. கூடவே ஒருவர் அட்டையாலோ முறத்தாலோ வீசட்டும், காற்றுப் பட்டால்தான் சூடு இறங்கும். ஈரத் துணியைச் சுற்றி அப்படியே விட்டுவிடாதே, துணி சூடாகி உள்ளே புழுங்க வைக்கும். மத்தியானத்தில் மாடி சின்டெக்ஸ் குழாயைத் திறந்தால் வெந்நீர்தான் வரும், அதைப் பிடித்து ஊற்றிவிடாதே. தரைத் தொட்டித் தண்ணீர், குடத்துத் தண்ணீர், எது குளிர்ச்சியோ அதை எடு. குழாயில் சீவலப்பேரித் தண்ணீர் எப்போதாவது ஒரு நாள்தான் வருகிறது, அதைப் போய் நாய் மேல் ஊற்றுவதா என்று அந்த நேரத்தில் யோசிக்கவே கூடாது. நினைவு தப்பிக் கிடந்தால் வாயில் தண்ணீர் புகட்டாதே, நுரையீரலுக்குப் போய்விடும். இளைப்பு கொஞ்சம் தணிந்ததும் ஈரத்தோடு வண்டியில் ஏற்றி, ஜன்னலைத் திறந்துவிட்டு மாட்டாஸ்பத்திரிக்குப் போ. எழுந்து நின்று வாலாட்டினாலும் கட்டாயம் காட்டு. சிறுநீரகம் கெட்டது அடுத்த நாள்தான் தெரியவரும். பெரிய வைத்தியம் தேவைப்பட்டால் திருநெல்வேலி ராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. கால்நடை ஆம்புலன்ஸ் நம்பர் 1962, போனில் இப்போதே பதிந்து வை.

சித்தி வீட்டுப் பக் நாயை உன்னோடு கூட்டிக்கொண்டு போகாதே. மூக்கு சப்பை, மூச்சுக் குழாய் குறுகல். உன் நாய் இளைக்கத் தொடங்குவதற்குள் அது விழுந்துவிடும்.

பெல்ட் பற்றி ஒன்று. சிப்பிப்பாறைக்கு மண்டை குறுகல், கழுத்துதான் அகலம். சாதாரணக் கழுத்துப் பெல்ட்டைப் பின்னால் இழுத்து ஒரு உருவு உருவினால் வெளியே வந்துவிடும். நெஞ்சைச் சுற்றிப் போடும் பாடி பெல்ட் வாங்கு. அதை மாட்டி, வீட்டுக்குள்ளேயே பின்னால் இழுத்துச் சோதித்துப் பார். இது கண்ணால் வேட்டை தேடும் நாய். காட்டோரம் ஒரு முயல் குதித்தால், ஒரு மயில் இறக்கையை அடித்தால், நீ கூப்பிடுவது அதன் காதில் விழவே விழாது. நேரே ஓடும், நடுவில் நாலுவழிச் சாலை இருந்தாலும் ஓடும். முயல் பிடிக்க விடுவது 1972-ஆம் வருஷத்து வனவிலங்குச் சட்டப்படி குற்றம். தாத்தா காலத்துக் கதையைக் கேட்டுவிட்டுக் கயிற்றை அவிழ்த்துவிடாதே.

தெரு நாய்கள் வரும். ஓடாதே, உன் நாயைத் தூக்காதே, பின்னுக்கு நகர்ந்து எதிர்ப்பக்கம் போய்விடு. ஒரு தெருக் கூட்டத்துக்கு ஒரு எல்லை உண்டு, அதைத் தாண்டினால் நின்றுவிடும். உனக்குக் கடி பட்டால் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவு. சுண்ணாம்பு, மிளகாய், காபித்தூள் எதுவும் வைக்காதே. அன்றைக்கே பெரியாஸ்பத்திரியில் ஊசி போட்டுக்கொள். உன் நாய்க்கு வருஷா வருஷம் வெறிநாய்த் தடுப்பூசி தவறக் கூடாது.

வீட்டுக்கு வந்ததும் காபியைத் தேடிப் போகாமல் வாசல்படியில் உட்கார். நாலு காலையும் ஒவ்வொன்றாக மடியில் எடுத்து வை. விரல் இடுக்கைப் பிரித்துப் பார். வேலிக்கருவை முள் நுனி ஒடிந்து உள்ளே இருந்தால் மேலே ஒரு கரும்புள்ளிதான் தெரியும். விரலால் அழுத்தினால் காலை இழுத்துக்கொள்ளும், அதுதான் இடம். டார்ச் அடித்து, சிமிட்டாவால் முள் போன போக்கிலேயே வெளியே எடு. காதுக்குள்ளும் அக்குளிலும் உண்ணி இருக்கிறதா என்று தடவிப் பார். இருந்தால் நசுக்காமல் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழு. அது வழியாகத்தான் காய்ச்சல் வரும். சோறு அரை மணி கழித்து வை.

ஐந்து மணிக்கு எழுந்திருக்க முடியாத நாளில் நடை வேண்டாம். வீட்டிலேயே ஒரு கருப்பட்டி அளவு சாதத்தைச் சாக்குக்குள் சுருட்டி ஒளித்து வைத்துத் தேடச் சொல். அரை மணி மோந்து தேடினால் நல்லாக் களைத்துத் தூங்கும். ஞாயிற்றுக்கிழமை நான் வருகிறேன். அந்த பாடி பெல்ட்டை மாட்டி வை, சரியாக இருக்கிறதா என்று இழுத்துப் பார்க்கிறேன்.